போர்பன், உணவுக்குப் பின்

என் மனைவியின் தம்பி தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னான். அதையும் ஆள் பார்த்துச் சொன்னான். எந்தப் பெண்மணியிடம் ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறீர்களா’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தானோ, அவரிடமே சொன்னான். நான் பொய்யே பேசாதவன் என்பதால், அவனைக் காப்பாற்றும் அளவுக்கு எனக்கு இந்தத் துறையில் அனுபவம் கிடையாது. இருந்தாலும் முயன்றேன்.

மச்சானுக்குத் தராசு பழுது பார்க்கும் தொழில். கடையோ, தொழிற்சாலையோ, எங்கே எடை போடும் மெஷின் இருக்கிறதோ அங்கே போவான். பெட்டியைத் திறப்பான். பித்தளை எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துச் சரிசெய்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவான். ஊரே அவனை ‘கிராம்’ என்றுதான் கூப்பிடும். மழையில் நனைந்து வந்தால், சட்டை எத்தனை கிராம் கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் துண்டு கேட்பான். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவன் ஒரு நூறு கிராம் கல்லை வைத்திருப்பான். அதனால் அவன் சட்டைகள் எல்லாம் இடது பக்கம் தொங்கும்; நடையும் இடது பக்கம் சாயும். ஒருமுறை கல்லை மறந்து வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். நேராக நடந்து பழக்கமில்லாததால் வழி தவறி, யாரோ ஒருவர் வீட்டு மாடியில் போய் நின்றான். அவர்கள் நல்ல மனிதர்கள். சாப்பாடு போட்டு அனுப்பினார்கள்.

அந்தப் பெண்மணி மருந்துக்கடை வைத்திருக்கிறார். களிம்பையும் பொடியையும் தானே நிறுத்துக் கலந்து கொடுக்கும் பழைய வகைக் கடை. அதனால் கவுண்டரில் ஒரு சின்னத் தராசு உண்டு. அதை வருடத்துக்கு ஒரு தடவை சரிபார்த்தால் போதும். கிராம் வாரத்துக்கு ஒரு தடவை சரிபார்த்தான். உலகத்தில் வேறெந்தத் தராசுக்கும் அவ்வளவு உபசாரம் நடந்திருக்காது. அவனும் தனி ஆள், அவரும் கணவரை இழந்து தனியாக இருப்பவர். ஒரு நாள் ஸ்டிக்கர் ஒட்டிய கையோடு கேட்டுவிட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அவர்.

யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, விமானத்தில் வந்திறங்கிய அவர் தங்கை ஒரு பாட்டில் போர்பன் விஸ்கியைப் பரிசாகக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை சாயங்காலம் கிராம் என் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அத்தான், போர்பன்னா என்ன?”

“எதுக்குக் கேக்கற?”

“அதப் பத்தி எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிட்டேன்.”

“யார்கிட்ட?”

“அவங்ககிட்டதான். பாட்டில எடுத்து வச்சு, இத எப்படிக் குடிக்கணும், உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். அதுக்கு எத்தனையோ வழி இருக்குன்னு வந்துடுச்சு. அப்ப ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டுக்கு எடுத்துட்டு வர்றேன், நீங்களே சொல்லிக் குடுங்க, என் பதிலையும் அங்கயே சொல்லிடறேன்னுட்டாங்க.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஏண்டா, அந்தம்மாவுக்கு உலகத்துல பிடிக்காதது ஒண்ணே ஒண்ணுதான். தெரியாததத் தெரியும்னு சொல்றது. கடைக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் டாக்டர் மாதிரி பேசறான்னு என்கிட்டயே எத்தனை தடவ புலம்பியிருக்கா. அவகிட்டப் போய்...”

“அதான்க்கா பயமா இருக்கு.”

“நாளைக்கே போய் உண்மையச் சொல்லிடு.”

“சொன்னா பதில் ஞாயித்துக்கிழமை வராது. நாளைக்கே வந்துடும்.”

இந்த இடத்தில்தான் நான் குறுக்கே புகுந்தேன்.

“மச்சான், நீ பொய் சொல்லல. உண்மைய ஒரு வாரம் முன்னாடியே சொல்லிட்ட, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள கத்துக்கிட்டா கணக்கு சரியாப் போச்சு.”

“ஏங்க, நீங்க சும்மா இருக்கீங்களா?” என்றாள் மனைவி. நான் பல வருடங்களாகச் சும்மாதான் இருக்கிறேன். ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். பழமும் மீனும் மருந்தும் டன் கணக்கில் அடுக்கியிருக்கும் பெரிய கிடங்கு. கம்ப்ரஸர் மக்கர் பண்ணி நான் அதைச் சரிசெய்யும்போதெல்லாம் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் போர்பன் கொடுப்பார். கம்ப்ரஸர் அடிக்கடி மக்கர் பண்ணும். அது ஏன் என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அலமாரியில் என் பாட்டில் பாதிக்கு மேல் இருந்தது. அன்றைக்கே ஆரம்பித்தோம்.

முதலில் எதுவும் கலக்காமல். கிளாஸை அவன் கையில் கொடுத்து, “சோளத்தக் காய்ச்சி எடுத்து, உள்பக்கம் கருக்கின புது மரப் பீப்பாய்ல வருஷக்கணக்காப் போட்டு வைக்கறது. அந்தக் கருக்கின மரத்துலேர்ந்துதான் நிறமும் வாசனையும். குடிச்சுடாத. மொதல்ல மோந்து பாரு. வாய லேசாத் தொறந்து வச்சுக்க, இல்லன்னா மூக்கு எரியும்,” என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தான்.

“கேக் சுடற கடை வாசல்ல நிக்கற மாதிரி இருக்கு அத்தான்.”

பயலுக்கு மூக்கு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். எங்கள் மேனேஜர் இப்படித்தான் முகர்வார். பொறுமையான மனிதர். ஒருமுறை அவர் முகர்ந்துகொண்டே கோப்பு பார்த்தார், போன் பேசினார், இரண்டு பேரை வேலைக்கு எடுத்தார். கடைசியில் குடிக்கலாம் என்று கிளாஸைக் கவிழ்த்தால் உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. எல்லாம் மூக்கு வழியாகவே போயிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனார்.

முகர்ந்தவரை சரி. குடித்ததும் கிராம் இருமிய இருமலில் மூக்குக்கண்ணாடி கழன்று காய் நறுக்கிய தட்டில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொம்பில் தண்ணீரோடு வந்துவிட்டார்.

அடுத்த நாள் தண்ணீர். நிறைய இல்லை, சில சொட்டுதான். கண்ணுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாயால் விட்டேன். காரம் இறங்கி வாசனை விரியும் என்று அவனுக்கு விளக்கினேன். எவ்வளவு விரியும் என்பது சொட்டைப் பொறுத்தது. கிடங்கில் ஒருமுறை கை தவறி ஒரு சொட்டு கூடுதலாக விட்டுவிட்டேன். வாசனை கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே வந்து, ‘இன்னிக்கு யாருக்குப் பிறந்தநாள்?’ என்று கேட்டார். இதைச் சொன்னபோது கிராம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“ஒரு சொட்டு எத்தனை கிராம் இருந்துச்சு?”

பிறகு வெந்நீர், தேன், எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சூடாக ஒரு வழி. என் மனைவிக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அதில் ஒரு வாய் வாங்கிப் பார்த்தாள். “இது கஷாயம்,” என்றாள். அப்புறம் இன்னொரு வாய். “நல்ல கஷாயம்.” மிச்சத்தில் ரஸ்க்கைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, இந்த வீட்டில் இப்படியெல்லாம் நடப்பது தனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கடுத்து, ஒரு சர்க்கரைக் கட்டியில் பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாற்றைச் சில துளி விட்டு நசுக்கி, ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்து ஒரு வழி. கோலா ஊற்றியும் குடிக்கலாம், தப்பில்லை. எந்த வழியாகக் குடிக்கிறோம் என்பதற்காக இதுவரை யாரையும் ஜெயிலில் போட்டதில்லை.

எனக்குப் பிடித்தது ஐஸ். அதுவும் நான் செய்கிற ஐஸ். சாதாரண ஐஸ் நடுவில் வெள்ளையாக இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அது. தெர்மாகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீஸரில் வைத்தால் மேலிருந்து கீழாக மெதுவாக உறையும். காற்றெல்லாம் அடியில் போய்ச் சேரும். அடிப்பாகத்தை அறுத்துப் போட்டுவிட்டால் மிச்சம் கண்ணாடிதான். கிடங்கில் நான் ஒரு பாளம் செய்தேன். அவ்வளவு சுத்தம். நடைபாதையில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் காணோம். திருடு போய்விட்டது என்று புகார் கொடுக்கும்போதே அக்கவுண்டன்ட் அதில் இடித்துக்கொண்டு விழுந்தார். பின்னாலேயே வந்த வாட்ச்மேனும் விழுந்தார். பிறகு அதன் மேல் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்தோம். நாற்காலி அந்தரத்தில் நிற்பதைப் பார்த்து ஆட்கள் விலகிப் போனார்கள்.

“அத்தான்,” என்றான் கிராம், “இதெல்லாம் நான் அவங்ககிட்ட சொல்ல முடியாது.”

“ஏன்?”

“எனக்கு ஞாபகம் இருக்காது. எந்த வழில எது எவ்வளவுன்னு தலைக்குள்ள எல்லாம் கலந்துபோச்சு. ஒண்ணும் கலக்காம ஊத்திக் குடுத்துடறேன். அதுலதான் தப்புப் பண்ண ஒண்ணுமே இல்ல.”

அதில்தான் இருமல் இருந்தது. வாரம் முழுக்கப் பழகியும், கலக்காமல் குடித்தால் மூக்குக்கண்ணாடி இன்னும் மேசையைத் தாண்டித்தான் விழுந்தது. அந்தம்மா எதிரே அப்படி இருமினால், தெரிந்தவன் இருமுகிற மாதிரியா இருக்கும்? பொய் அங்கேயே உடையும். பதிலும் அங்கேயே முடிந்துபோகும். என் மனைவியின் தம்பி மறுபடியும் தனியாகச் சமைத்து, தனியாக நிறுத்து, தனியாகச் சாப்பிடுவான்.

அதனால் அவனிடம் சொல்லாமல் ஒரு ஏற்பாடு செய்தேன். என் வீட்டில் அடி கனமான கிளாஸ்கள் ஒரு செட் உண்டு. ஐஸை வட்டமாகச் செதுக்கி, ஒரு கிளாஸின் அடியில் சரியாக உட்காரும்படி இறக்கினேன். பார்த்தால் கிளாஸின் அடிதான் இன்னும் கொஞ்சம் கனம் என்று தோன்றும். குளிர்ச்சியில் காரம் அடங்கும், இருமல் வராது. வெளியே பனி பூத்துக் காட்டிக்கொடுக்காமல் இருக்க எல்லா கிளாஸுக்கும் பேப்பர் நாப்கின் சுற்றிவிட்டேன். பார்க்க மரியாதையாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தம்மா வந்தார். மருந்துக்கடையின் பழுப்புக் காகிதப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். பழக்க தோஷத்தில் அதன் மேல் கடை லேபிளை ஒட்டி, ‘உணவுக்குப் பின்’ என்று எழுதியிருந்தார். அதன்படியே சாப்பாடு முடியும்வரை நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை. சாப்பிடும்போது என் மனைவியை அக்கா என்றார், என்னை சார் என்றார். கிராமை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

“இப்ப சொல்லுங்க,” என்றார் கை துடைத்துக்கொண்டு. “எப்படிக் குடிக்கணும்?”

“ஒண்ணும் கலக்காம,” என்றான் கிராம். “அதான் சரி.” முகம் பரவாயில்லை. நான் சமையலறைக்குப் போய் கிளாஸ்களை எடுத்து வந்து, ஐஸ் கிளாஸை அவன் பக்கமும் வெறும் கிளாஸை அவர் பக்கமும் வைத்தேன். எல்லாம் நான் நினைத்தபடி போனது. அடுத்த நொடி கிராம் கைப்பையைத் திறந்து ஒரு சின்னத் தராசை எடுத்து மேசை நடுவில் வைத்தான்.

இதை நான் யோசித்திருக்க வேண்டும். கண்ணளவில் ஊற்றுவது என்பது அவனுக்குச் சட்டை போடாமல் தெருவில் போகிற மாதிரி.

“ரெண்டு பேருக்கும் சரிசமமா ஊத்தணும் இல்ல?” என்றான்.

“ரொம்ப நல்லது,” என்றார் அவர். அவருக்கும் அது இயல்பாகவே பட்டது.

அவர் கிளாஸை வைத்தான். எடை காட்டியது. பட்டனை அழுத்தி எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு ஊற்றி, எடுத்து அவர் முன்னால் வைத்தான். தன் கிளாஸை வைத்தான். எண்ணைப் பார்த்தான். கையை எடுத்தான். மறுபடி பார்த்தான்.

என் வீட்டு கிளாஸ்கள் ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று அவனுக்கு மனப்பாடம். கிளாஸ் கைக்கு ஜில்லென்று இருந்திருக்கும். ஆனால் அவன் கை அன்று அதைவிட ஜில்லென்று இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. கிளாஸை இறக்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்த நூறு கிராம் கல்லை எடுத்து வைத்தான். மெஷின் நூறு என்றது. கிளாஸை வைத்தான். பழைய கனமேதான்.

“என்ன ஆச்சு?” என்றார் அந்தம்மா.

“ஒண்ணுமில்ல... ரெண்டும் ஒரே செட். இது மட்டும் கனம் ஜாஸ்தி காட்டுது.”

“மெஷின் தப்பா?”

கிராம் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதே கல்ல வச்சுத்தானே என் கடைத் தராசையும் பாக்கறீங்க?” அவர் குரலில் சிரிப்பு இல்லை. “அதுல நிறுத்துத்தான் நான் கொழந்தைங்களுக்கு மருந்து கலக்கறேன். அதுவும் தப்பா இருக்குமா?”

கிராம் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை. இருந்தாலும் பார்த்தேன். ஆமாம், மெஷின் கொஞ்சம் மக்கர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊற்றிக் குடித்தால் விஷயம் முடிந்தது. சொல்லேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் கல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“உங்க தராசு சரி,” என்றான். “இந்தத் தராசும் சரி. நான்தான் தப்பு.”

“புரியல.”

“போர்பனப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்ககிட்ட தெரியும்னு சொன்ன அப்புறந்தான் அத்தான்கிட்ட கேட்டேன். இந்த ஒரு வாரமாத்தான் குடிச்சுப் பாக்கறேன். கலக்காமக் குடிச்சா இருமறேன். அது தெரியக்கூடாதுன்னு அத்தான் இந்த கிளாஸ்ல என்னமோ பண்ணி வச்சிருக்கார். என்னன்னு தெரியல. கண்ணுக்குத் தெரியல. ஆனா இருக்கு. தராசு சொல்லுது.”

என் மனைவி கிளாஸைப் பிடுங்கி நாப்கினை உருவி, சாய்த்தாள். உள்ளே ஏதோ நழுவி டங்கென்று இடித்தது. அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு எடை போடும் மெஷின் இன்னும் வரவில்லை.

அந்தம்மா கிளாஸை வாங்கி விரல் விட்டுப் பார்த்தார். விரலை வெளியே எடுத்துத் துடைத்தார்.

“கடை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அந்தக் கவுண்டர் பின்னாடி உக்காந்திருக்கேன்,” என்றார். “வர்றவங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எனக்குத் தெரியாதுன்னு ஒருத்தர் வாயால இன்னிக்குத்தான் கேக்கறேன்.”

“ஒரு வாரம் லேட்டாச் சொன்னேன்,” என்றான் கிராம்.

“ஆமா. லேட்டுதான்.” பாட்டிலை இழுத்து அவன் கிளாஸில் அவரே ஊற்றினார். கண்ணளவில் ஊற்றினார். கிராம் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். “எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்ப எல்லா வழியும் பாத்துடலாம். பாட்டில் நிறையத்தானே இருக்கு.”

அப்படி ஆரம்பித்த மதியம் அது. வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசை மேல் போட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டு போனது. முதலில் ஒன்றும் கலக்காமல் ஒரு வாய். அந்தம்மா இருமிய இருமலில் கிராமின் மூக்குக்கண்ணாடி ஆடியது. அவனுக்கு அதில் ஒரு நிம்மதி. பக்கத்து வீட்டுக்காரர் சொம்போடு வந்தார். இந்தத் தடவை அவருக்கும் ஒரு நாற்காலி போட்டோம். அந்தம்மா கைப்பையிலிருந்து சொட்டுக்குழாய் எடுத்துத் தண்ணீர் விட்டார். வாசனை விரிந்தது. தெருவில் போன ஒருவர் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனார். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோலா ஊற்றியது பிடித்தது. ஐஸ் கிளாஸை அந்தம்மா தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது நல்லாருக்கு. குடிக்கக் குடிக்க ருசி மாறுது. மொதல்ல மரம் மாதிரி, இப்ப சர்க்கரைப் பாகு மாதிரி. நீங்க பாருங்க.”

கிராம் அதே கிளாஸில் ஒரு வாய் குடித்தான். இருமவில்லை.

“ஆமா,” என்றான். பிறகு, “எத்தனை கிராம் கரைஞ்சிருக்கும்?”

“குடிங்க பேசாம.”

என் மனைவி தன் கஷாயத்தைக் கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து ரஸ்க்கைத் தொட்டுத் தின்ன ஆரம்பித்தாள். அந்தம்மா ஒன்றை எடுத்து அதேபோல் தொட்டு, கடித்து, கண்ணை மூடி மென்றார்.

“இந்த வழிய யார் கண்டுபிடிச்சாங்க?”

“நான்தான்,” என்றாள் மனைவி. “இவங்க ரெண்டு பேரும் ஒரு வாரம் ஆராய்ச்சி பண்ணாங்க. ஒண்ணும் தேறல.”

“இதான் எல்லாத்துலயும் நல்லாருக்கு. இன்னும் ரெண்டு ரஸ்க் குடுங்க அண்ணி.”

என் மனைவியின் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் கோலா கிளாஸைக் கீழே வைத்தார். சாப்பிடும்போது அக்கா என்ற அந்தம்மா, இந்த அண்ணியைத் திருத்தவில்லை. மேசையில் சிந்திய ரஸ்க் தூளை விரலால் ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. மனைவி எழுந்து போய், இரண்டு ரஸ்க் அல்ல, டப்பாவையே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். தொண்டைக் கட்டு இன்னும் சரியாகவில்லை என்றாள்.

கிராம் இது எதையும் கவனிக்கவில்லை. ஒரு ரஸ்க்கைத் தராசில் வைத்து, தொடுவதற்கு முன் எடை, தொட்ட பின் எடை என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது தன் எடைக்கு மேலயே குடிக்குது,” என்று நிமிர்ந்தான். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்துத் திகைத்தான். “என்ன? அவங்க பதில் சொல்லலயே இன்னும்?”

“சொல்லியாச்சு,” என்றார் அந்தம்மா. “தராச உள்ள வைங்க.”

அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அக்காவின் முகத்துக்கு வந்தபோது புரிந்துவிட்டது. தராசை எடுத்துப் பையில் வைத்தான். என்ன தோன்றியதோ, சட்டைப் பையிலிருந்த கல்லையும் எடுத்து அதோடு வைத்தான். அவர்கள் கிளம்பியபோது வாசலில் நின்று பார்த்தேன். கல் இல்லாமலும் பயல் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தான். வலது பக்கம். அந்தப் பக்கம்தான் அவர் நடந்துகொண்டிருந்தார்.

போவதற்கு முன் அவர் என்னிடம் திரும்பி, “அண்ணா, அந்த ஐஸ் கடைசிவரைக்கும் கரையவே இல்லையே, எப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டார். தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டேன். கழுவி எடுத்து ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன். கல்யாணத்தன்றும் அதைத்தான் போட்டோம், இன்னும் அப்படியே இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாக வீட்டுக்கு வரலாம். கதவைத் திறந்து காட்டுகிறேன். மேல் தட்டில், வலது கை ஓரம். அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி தெரிந்தால், அதுதான் அது.